காலிலிருந்து

நாய்களை எரிக்கும் கூடத்துக்கு வருமுன் மாசிலாமணி சுடுகாட்டில் வேலை பார்த்தவர். அதனால் நாயானாலும் சாம்பலில் பால் தெளித்து, காலில் தொடங்கித் தலைவரை எலும்பு பொறுக்கிச் சட்டியில் போடுவார். இன்று சில்லு என்ற நாயின் பின்னங்காலில் ஓர் எஃகுத் தகடும் ஆறு திருகுகளும் வேகாமல் கிடந்தன. அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மற்றதைப் பொறுக்கி முடித்தார்.

"ஐயா, அதையும் போடுங்க," என்றாள் சில்லுவை வளர்த்த பூவிழி.

"இரும்பும்மா. கடல்ல கரையாது."

"அஞ்சு வருசம் அதுலதான் நடந்தான். அதுவும் அவன் காலுதாங்க."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தகட்டைக் கையில் எடுத்து, தன் முழங்காலுக்குக் கீழே ஓடிய தழும்பின்மேல் வைத்துப் பார்த்தாள். இருவரையும் அடித்தது ஒரே லாரி.

"எனக்கு எட்டு திருகு. என் எலும்பைப் பொறுக்குறவங்ககிட்ட, இதுவும் என் காலுதான்னு யாருங்க சொல்லுவா?"

மாசிலாமணி கை நீட்டினார். தகட்டை வாங்கித் துடைத்தார். தலையெலும்புவரை நிறைந்திருந்த சட்டியை வாழையிலையில் கவிழ்த்தார். தகட்டையும் திருகுகளையும் சட்டியின் அடியில் வைத்து, மறுபடியும் காலிலிருந்து தொடங்கினார்.