முன்சக்கரத்துச் சத்தம்

போல்ட் அசைவேனா என்றது.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தாயிற்று. சுத்தியலால் அடித்துப் பார்த்தாயிற்று. கடைசியில் அவர் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தார். அது நழுவித் தெறித்தது. விழுந்தார். விரல் முட்டிகளில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

"சனியனே, இன்னைக்குத்தானா!" என்று காரை ஓங்கி ஓர் உதை விட்டார்.

அவள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. தன் செருப்பு நுழையவில்லை. புருஷனுடைய செருப்பைத்தான் மாட்டியிருந்தாள்.

மதியத்துக்குள் மலை இறங்கிப் பொள்ளாச்சி போய்ச் சேர வேண்டும். டயாலிசிஸ். போன தடவை மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது, போக முடியவில்லை. இன்னொரு தடவை விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

முன்சக்கரம் கடக் கடக்கென்று அடிப்பதை நேற்று அவள்தான் கேட்டுச் சொன்னாள். தேயிலை ஃபேக்டரி மிஷின்களுக்கு நடுவில் காலத்தைக் கழித்த மனுஷன். அவருக்குக் காது அரைகுறைதான்.

மெக்கானிக் பினு குனிந்து பார்த்தான். சக்கரத்தைப் பிடித்து நிற்கும் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டு பக்கமும் போய்விட்டதாம். இதோடு வளைவில் இறங்கினால் சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் என்றான். சொல்லிவிட்டு, மாமனார் தவறிப்போன சேதி வந்து ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

புது ஆர்ம் இரண்டும் காலை முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தன. மாட்டத்தான் ஆளில்லை.

"பஸ்ஸிலயே போயிரலாமேங்க."

"போன மாசம் பஸ்ஸுல மூச்சு நின்னு கெடந்தியே, மறந்துட்டியா? பேசாம இரு, லூர்து."

"வாடகைக் காரு?"

"நீ நிறுத்துன்னா நிறுத்துவானா அவன்? நான் இருக்கேன்ல!"

இருந்தார். அதுதான் கஷ்டம்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சொல்லிப் பார்த்தாள். ஊசி, படுக்கை, குமட்டல், திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து மறுபடி ஊசி. போதும்ங்க, என்னை விட்டுடுங்க என்றாள். அவ்வளவு ஜனங்களுக்கு முன்னால் அவர் தன் முகத்தில் தானே மாறி மாறி அறைந்துகொண்டார்.

அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போல்ட் கடைசியில் கிறீச்சென்று அசைந்தது. பழைய ஆர்ம் பொத்தென்று கீழே விழுந்தது. ரப்பர் நார்நாராகக் கிழிந்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டி அவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

மறுபக்கமும் முடிந்தது. சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கினார். அதோடு விடவில்லை. வண்டியின் பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் உள் போல்ட்டை முறுக்க வேண்டும், தொங்கவிட்டு முறுக்கினால் புது ரப்பரும் கிழிந்துபோகும் என்று பினு போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் வயிறு உரசப் புகுந்தார். உள்ளேயிருந்து முனகலும் இடையிடையே மாதாவே, மாதாவே என்ற குரலும் வந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன் என்று இருந்தது.

"ஏறு. ஒரு ரவுண்டு பாத்துட்டு அப்படியே கெளம்பிரலாம்."

எஸ்டேட் ரோடு முழுக்கக் கல்லும் குழியும். அவர் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே குழியாகப் பார்த்து விட்டார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

வண்டியை நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்தார். கண் சிவந்திருந்தது. தாடியெல்லாம் கிரீஸ்.

"சொல்லு. கேக்குதா?"

சக்கரம் மூச்சுக் காட்டவில்லை. புது வண்டி மாதிரி அப்படியொரு அமைதி. ஊசி குத்துவதற்கென்றே ஆபரேஷன் செய்து வைத்த நரம்பு மட்டும் அவள் கைக்குள் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை அவளால் மட்டும்தான் கேட்க முடியும்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"கேக்குதுங்க" என்றாள்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

இறங்கிப் பின்கதவைத் திறந்தார். சாக்கை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விரித்தார். கிழிந்த விரல்களால் மறுபடி ஜாக்கியை ஏற்றினார்.

அவள் ஜன்னலை இறக்கினாள்.

"மெதுவாப் பாருங்க" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல."