ஒழுகாத கார்

விரித்து வைத்த தினத்தாளின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

ஒரே ஒரு சொட்டுதான். ஜம்புலிங்கம் வண்டிக்கடியில் படுத்தபடி அதையே முறைத்தான். தலைக்கு மேலே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

அவன் பெண்சாதி பொன்னம்மாள் காலையிலிருந்து மூட்டையும் முடிச்சுமாகக் கொல்லையில் நிற்கிறாள். திருநின்றவூரில் அவள் அப்பன் சின்னசாமிக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது.

விடிந்ததும் விடியாததுமாகச் சேதி கொண்டுவந்த வண்டிக்காரன், கையோடு இருவரையும் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொன்னான். "நீ முன்ன போ. பாதி வழியில உன்ன முந்திக்கினு போறேன்" என்று ஜம்புலிங்கம் மாட்டுவண்டியை வெறுமனே திருப்பி அனுப்பிவிட்டான்.

இந்த நேரத்தில் என்ன வீம்பு என்கிறீர்களா? மாப்பிள்ளை வீம்புதான், வேறென்ன.

இரண்டு தீபாவளிக்கு முன்னால், கப்பலேறப்போன ஒரு துரை ஏலத்தில் விட்ட காரை இவன் எடுத்தான். நசரத்பேட்டைக்கே அதுதான் முதல் கார். எடுத்த சூட்டோடு சூடாக மாமனார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஊரே கூடிவிட்டது. நின்ற இடத்தில் கார் சொட்டுச் சொட்டாக எண்ணெயை ஒழுகவிட்டது.

சின்னசாமிக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா மாப்ளே, உங்க காரு வந்ததும் வராததுமா என் வாசல்ல ஒண்ணுக்குப் போவுது?" என்றார்.

ஊர் சிரித்தது. பொன்னம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அவனுக்கு ஆறவேயில்லை.

இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தான். ஒரு சொட்டு ஒழுகாத காரோடுதான் இனி இந்த வாசலை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். புருஷன் மிதிக்காத வாசலைத் தான் மட்டும் எப்படி மிதிப்பது என்று பொன்னம்மாளும் இருந்துவிட்டாள்.

எஞ்சினுக்கும் அதன் அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் மக்கிப்போனதுதான் கோளாறு. புதிதாக வாங்கலாமென்றால் சண்டைக் காலம், சீமைச் சாமான் எதுவும் பட்டணத்தில் கிடைக்கவில்லை. இவனாகவே வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்தான். தோலில் வெட்டினான், ரப்பரில் வெட்டினான். எல்லாம் நாலு நாளில் ஒழுகியது.

இன்றைக்கு ஜவுளிக்கடை அட்டை. தொட்டியின் விளிம்பில் அட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, அச்சு விழுந்த இடத்தில் வெட்டி, இருபுறமும் சோப்பைத் தேய்த்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கியிருந்தான்.

அப்படியும் ஒரு சொட்டு.

பொன்னம்மாள் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தாள்.

"ஒரு சொட்டுதானே. கெளம்புய்யா. நைனா உயிரு நமக்காவக் காத்துகினு கீது."

அவனுக்கு மனம் இளகத்தான் செய்தது. கிளம்பிவிடலாம் என்று வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தும் விட்டான். ஆனால் சாவு நெருங்கிய வீடு, ஊர் முழுக்க அந்த வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். அதே ஜனத்தின் முன்னால் மறுபடியும் ஒழுகினால்?

எஞ்சினை அணைத்தான். சட்டியை அடியில் தள்ளி எண்ணெயை வடித்தான். முதல் போல்ட்டைக் கழற்றினான்.

பொன்னம்மாள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் சாயும்போது எஞ்சின் மறுபடியும் ஓடியது. புதிதாக விரித்த தாள் கறையில்லாமல் கிடந்தது. வெகுநேரம் பார்த்தான், ஒன்றும் விழவில்லை. கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தான்.

ஆவடியில் பட்டாளத்து லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும்போது, மாமனாரிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனான். கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. இப்போ யாரையாச்சும் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க மாமா, என்று மட்டும் சொன்னால் போதும். படுக்கையில் கிடந்தாலும் கிழவர் சிரிப்பார். இந்தத் தடவை தானும் சேர்ந்து சிரித்துவிட வேண்டும்.

தெருமுனையிலேயே மேளச் சத்தம் கேட்டது.

வண்டி நிற்பதற்குள் பொன்னம்மாள் குதித்து, தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். ஜம்புலிங்கத்துக்கு அது மாமனார் வீடுதானா என்றே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. முன்பு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் வழிவிட்டுத் தெருவோரம் நின்ற மண்சுவரில் பாதியைக் காணோம்.

மைத்துனன் எல்லப்பன் வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"மத்தியானம் வரிக்கும் கண்ணு தெறந்துகினுதான் இருந்தாரு மாமா. வண்டிய உள்ள உடுங்க. போன தீவாளிக்கே நைனா செவுத்த இடிச்சிட்டாரு. ஒழுவுனா ஒழுவட்டும், நம்ம ஊட்டுக்குள்ள வந்து ஒழுவட்டும், தெருவுல நின்னு ஊரு சிரிக்க வாணாம்னாரு. உங்க கையில சொல்லவும் வாணாம்னுட்டாரு. மாப்ள வந்து அவரே பாக்கட்டும்னாரு."

இடித்த இடம் காரின் அகலத்துக்கு மேலேயே இருந்தது. தாராளமாக உள்ளே விடலாம்.

ஜம்புலிங்கம் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினான். அந்த வழியாக நடந்தே உள்ளே போனான்.