முருங்கைக்குள் மூன்று வருடம்

மேம்பாலத்துக்காக எங்கள் வீட்டை இடிக்க வந்தவர்கள், விதிப்படி வாசல் முருங்கையில் ஒலி கேட்கும் கருவியை வைத்து, உள்ளே பூச்சி குடைகிறதா என்று சோதித்தார்கள். உள்ளே, அழிந்துவரும் ஓர் அந்துப்பூச்சியின் புழு மரத்தைக் குடைந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை மரத்தையும் வீட்டையும் தொடக்கூடாது என்பது சட்டம்.

மூன்று வருடம் அது உள்ளேயே இருந்தது. ஊருக்கு வெளியே தரும் மாற்று வீட்டுக்குப் போகாமல், இங்கிருந்தே நான் பட்டப்படிப்பை முடித்தேன்.

போன வாரம் பூச்சி வெளியே வந்தது. பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா அதன் அருகே தேன் வைத்தாள்.

“அதுக்கு வாய் கிடையாதும்மா. எதுவும் சாப்பிடாது.”

“இத்தனை நாள் நம்மள இருக்க வெச்சது, வெறும் வயித்தோடயா போகும்?”

அது பறந்துபோனது. இன்று காலை எதிர்வீட்டுச் செங்கமலம் அக்கா, இடிப்பு நோட்டீசும் கையுமாக எங்களைக் கூப்பிட்டார். அவர் வீட்டு முருங்கைப் பட்டையில் முட்டைகள் இருந்தன.

“பொரிஞ்சிருமாடி?”

“பொரியும்க்கா.”

“உன் பொண்ணு ஒன்பதாவது முடிச்சிட்டாதான?” என்றாள் அம்மா. “ப்ளஸ் டூ முடிச்சிரலாம்.”