ஒன்றரை மடங்கு

ஜெசிந்தாவின் மேசையிலிருந்த பெரிய கம்ப்யூட்டர் திரைக்கு அன்று கோபம். கண் பார்வையைச் சோதிக்கும் ஓர் இணைய ஆய்வு, "திரையின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டதற்கு, பிரவுசர் "ஆயிரத்து இருநூற்று எண்பது பிக்சல் புள்ளி" என்று சொல்லிவிட்டது.

"நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. என்னை ஏன் குறைத்துச் சொன்னாய்?" என்றது திரை.

"ஜெசிந்தா அம்மா எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் அவ்வளவுதான் வருகிறது. கேட்டதற்குப் பதில் சொன்னேன்," என்றது பிரவுசர்.

இது சின்னத் திரை என்று நம்பிய ஆய்வு, அதற்கேற்ற பொடி எழுத்துகளை அனுப்பியது. அவை ஒன்றரை மடங்கு வளர்ந்து வந்து நின்றன. ஜெசிந்தா ஒன்று விடாமல் படித்தார்.

பக்கத்தில் கிடந்த டிரைவிங் லைசென்ஸ் மெதுவாகக் கேட்டது: "முதலில் ஓர் அட்டையைத் திரைமேல் வைத்து அளவு பார்க்கச் சொன்னார்களே? நான் எங்கே போனாலும் ஒரே அளவுதான்."

"'தவிர்' என்று ஒரு பொத்தானும் இருந்தது. அம்மா அதை அழுத்திவிட்டார்," என்றது பிரவுசர்.

'உங்கள் பார்வை கூர்மையானது' என்று முடிவு வந்தது. கண் டாக்டரிடம் போகும் யோசனையை ஜெசிந்தா சந்தோஷமாகக் கைவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கலாம் என்று, எண்ணைப் பார்க்க அட்டையை எடுத்தார். கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"என்ன இது, அச்சு இப்படி மங்கிப்போச்சு?" என்று அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.