தரைக்கு மேல் ஓரடி

தஞ்சாவூர்க் கல்லூரியின் உள் அலங்கார வடிவமைப்பு வகுப்பில், நன்னிலத்து மாணவி செம்மொழி வரைந்த சமையலறை அலமாரிக்கு ஓரடி உயரத்தில் கால்கள் இருக்கின்றன. ஆசிரியரின் சிவப்புப் பேனா அவற்றை அடித்துவிடுகிறது. “தரையோட ஒட்டி வரைம்மா. இல்லன்னா கையெழுத்து கிடையாது.” “ஐப்பசி மழைக்கு எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரும், சார்.” “அப்ப உத்தரத்துல தொங்க விட்டுடு!” வகுப்பு சிரிக்கிறது, மின்விசிறிக் காற்றில் தாளின் மூலை படபடக்கிறது. செம்மொழி அதே தாளில் அலமாரியைத் தரையோடு ஒட்டி மறுபடி வரைகிறாள். பின்னர் நீலப் பென்சிலை எடுத்து, தாள் கிழியுமளவுக்கு அழுத்தி, அரிசி வைக்கும் கீழ்த்தட்டின் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறாள். “போன வருஷம் தண்ணி நின்ன மட்டம் இது, சார். இப்பக் கையெழுத்துப் போடுங்க.” சிரிப்பு அடங்குகிறது. சிவப்புப் பேனா தாளில் இறங்காமல் நிற்கிறது.