பூனையின் டிரைகிளீனிங் வண்டி

தண்ணீரைக் கண்டாலே ஆகாத பூனை, தள்ளுவண்டியில் தெருத்தெருவாக டிரைகிளீனிங் ஆரம்பித்தது. கடையில் வாங்குவதில் பாதிக் கூலிதான்.

"மயிலக்கா, உங்க பட்டுச் சால்வையைக் கொடுங்க."

"தெருவுல போற வண்டிக்கா? கொக்கு கடையிலதான் கொடுப்பேன்." மயில் கதவைப் படாரென்று சாத்தியது. பூனைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கடைக்காரக் கொக்கு அதே சால்வையோடு வந்து கிசுகிசுத்தது: "எனக்கு இந்த வேலை தெரியாதுப்பா. நீயே செஞ்சு கொடு."

பூனை பல்லைக் கடித்துக்கொண்டு கறையை எடுத்தது. வழக்கம்போல் ஓரத்தில் தன் பெயர்ச்சீட்டைக் குத்தி அனுப்பியது.

இரண்டு நாள் கழித்து மயில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டியை மறித்தது. "பார்த்தியா, எப்படிப் பளபளக்குது! கொக்குகிட்ட போய்த் தொழில் கத்துக்கோ."

பூனை பொறுக்கமாட்டாமல் ஓரத்தைத் திருப்பிச் சீட்டைக் காட்டியது.

மயில் படித்தது. சால்வையை முகர்ந்தது. "அதானே பார்த்தேன், ஏதோ பூனை வாடை அடிக்குதேன்னு!"