வடகோட்டைத் தூதர்

திருஞானம் சீன தேசம் முழுவதையும் பிடித்துவிட்டார், வடக்கே மலையிடுக்கில் இருந்த ஒரு சின்னக் கோட்டையைத் தவிர. அதையும் பிடித்தால் விளையாட்டு முடிந்துவிடும். தனியாக இருக்கும் அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் தாரிணிதான் அந்தப் போர் விளையாட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் புனேவுக்குப் போனாள். விளையாட்டில் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கோட்டையிலிருந்து நரைத்த தாடிக்காரத் தூதர் ஒருவர் வந்து, குனிந்து கும்பிட்டு, சமாதானம் கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு வருஷம் என்று இவர் ஆடியதால் வசந்தம் தினமும் காலையில் வந்தது. அதற்குள் திருஞானம் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை. "வாங்க, நல்லபடியா வந்து சேந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதம் என்பதை அழுத்துவார். விடுமுறைக்கு வந்திருந்த தாரிணி, இன்று அவர் குளித்து வருவதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் வாணவேடிக்கை. "ஒரே ஒரு கோட்டைதாம்பா பாக்கி இருந்துது. இவ்வளவு படைய வெச்சுக்கிட்டு அத ஏன் விட்டு வெச்சீங்க? நான் முடிச்சுட்டேன். இப்ப நீங்கதான் சக்கரவர்த்தி." திருஞானம் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே நின்றார். "அங்கேருந்து யாராவது வந்தாங்களா?" "தாடி வெச்ச ஒருத்தர் வந்து கும்பிட்டாரு. முடியாதுன்னு அனுப்பிட்டேன்." அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். "காலங்காத்தால சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு எங்கப்பா கிளம்பிட்டீங்க?" "எங்கயும் இல்லம்மா" என்றவர், கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.